அழும் குழந்தை கேட்பது பால் மட்டுமா?

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வாய்விட்டுக் கேட்பவருக்கே காரியம் கைகூடும் என்னும் உலகியலை உணர்த்த இதனை நாம் எடுத்தாளுகிறோம். ஆயினும் பழமொழியின் நேர்ப்பொருளையே கொண்டு சில கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். பால் குடித்து வயிறு நிறைந்த பின்னரும் குழந்தை அழுகிறதே, அது ஏன்? தூளியில் கிடத்தியவுடன் வீறிடும் குழந்தை, தோளில் சார்த்திக்கொண்ட அளவிலேயே அடங்கிவிடுகிறதே, அது ஏன்? நான்கைந்து மாதம் வரை எவர் கைக்கும் சிரித்துக்கொண்டு சென்ற குழந்தை, எட்டாம் மாதத்தில் அயலாரைக் கண்டால் தாயின் முந்தானையில் முகம் புதைக்கிறதே, அது ஏன்?

இக்கேள்விகள் நம் வாசகர்களின் இல்லங்களுக்குப் புறம்பானவை அல்ல. நெசவாளர் வீட்டில் தாய் தறியில் அமர்கிறாள். அல்லது ராட்டையில் தார் சுற்றுகிறாள். உழவர் வீட்டில் அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்கிறாள். குழந்தையைப் பாட்டியோ அத்தையோ பார்த்துக்கொள்கிறாள். மாலையில் வீடு திரும்பும் தாய், குழந்தை தன்னைவிடப் பாட்டியிடமே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு மனம் வருந்துவதுண்டு. "தூக்கிப் பழக்காதே, பிறகு இறக்கிவிட முடியாது" என்று அவளுக்கு அறிவுரை கூறுவோரும் உண்டு. குழந்தைக்கும் அதனை வளர்ப்போருக்கும் இடையே பாசப்பிணைப்பு உண்டாகும் முறையை அறிஞர் பலர் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டவை அத்தாயின் வருத்தத்திற்கும் அவ்வறிவுரைக்கும் விடை தருகின்றன. அவற்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பழைய கொள்கை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேனாட்டு மனத்தத்துவ அறிஞர்களிடையே ஒரு கருத்து வேரூன்றியிருந்தது. பசியைத் தீர்ப்பவளாதலால்தான் தாயிடம் குழந்தைக்கு அன்பு பிறக்கிறது என்பதே அக்கருத்து. அமெரிக்க அறிஞர் ஜான் வாட்சன் 1928-இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில், குழந்தைகளைக் கட்டியணைத்தலும் முத்தமிடுதலும் தகா என்றும், காலையில் கைகுலுக்கினால் போதும் என்றும் எழுதினார். அந்நூலைப் பின்பற்றிய பெற்றோர் பலர்.

இக்கொள்கையை ஐயுறச் செய்தவர்களுள் ஒருவர் ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர். 1945-இல் அவர் வெளியிட்ட ஆய்வு இரு விடுதிகளை ஒப்பிட்டது. ஒன்று அனாதைக் குழந்தைகளின் விடுதி. அங்கே உணவும் தூய்மையும் மருத்துவ வசதியும் குறைவின்றி இருந்தன. ஆனால் ஒரு தாதி ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. மற்றொன்று பெண்கள் சிறைச்சாலையைச் சார்ந்த விடுதி. அங்கே சிறைப்பட்டிருந்த தாய்மாரே தத்தம் குழந்தைகளை வளர்த்தனர். சிறையில் வளர்ந்த குழந்தைகள் நன்கு தேறின. அனாதை விடுதிக் குழந்தைகளோ மெலிந்து, வளர்ச்சி குன்றி, எளிதில் நோய்வாய்ப்பட்டன, இறந்தவையும் பல. ஸ்பிட்ஸ் கையாண்ட முறையில் குறைகள் உண்டெனப் பின்னர் வந்த அறிஞர் எடுத்துக்காட்டினர். எனினும், சோறும் சுகாதாரமும் இருந்தும் குழந்தை வாடுவது ஏன் என்று அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.

கம்பித் தாயும் துணித் தாயும்

அக்கேள்விக்கு விடை காண உதவிய பொருள் ஒரு துண்டுத் துணி என்பதை அறிந்தால் நெசவாளராகிய நம் வாசகர்கள் வியப்படையக்கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் ரீசஸ் இனக் குரங்குக் குட்டிகளைத் தாயினின்றும் பிரித்து வளர்த்துவந்தார். கூண்டின் அடியில் விரித்திருந்த துணியைக் குட்டிகள் இறுகப் பற்றிக்கொள்வதையும், அதனை வெளுப்பதற்காக எடுத்தால் அலறுவதையும் அவர் கண்டார். இதனையே பரிசோதனையாக்க எண்ணி இரண்டு பொய்த்தாய்களைச் செய்வித்தார். ஒன்று வெறும் கம்பிவலையால் ஆனது. மற்றொன்று மரக்கட்டைமீது ரப்பர் பஞ்சு வைத்து, பூப்போன்ற டர்க்கித் துவாலைத் துணியால் போர்த்தப்பட்டது.

பால்புட்டியைக் கம்பித் தாயிடம் பொருத்தியபோதும், குட்டிகள் பசித்த வேளையில் மட்டும் அங்குச் சென்று குடித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. பறையடிக்கும் பொம்மைக் கரடி ஒன்றைக் கூண்டுக்குள் விட்டபோது, அஞ்சிய குட்டி துணித் தாயிடம் பாய்ந்து ஒண்டிக்கொண்டது. அச்சம் தணிந்ததும் அங்கிருந்தே அக்கரடியை உற்று நோக்கத் தொடங்கியது. பால் தருவதால்தான் பாசம் பிறக்கிறது என்னும் கொள்கை 1958-இல் வெளியான இவ்வாய்வால் தகர்ந்தது.

ஆயினும் துணித் தாய் குட்டிகளை முழுமையாக வளர்த்துவிடவில்லை. தனிமையில் வளர்ந்த அக்குட்டிகள் பெரியவையான பின் தம் இனத்தோடு பழக அறியவில்லை. அவற்றுள் தாயானவை பல தம் குட்டிகளைப் புறக்கணித்தன. சில கடித்துத் துன்புறுத்தின. துணி மென்மையாக இருந்தது. ஆனால் குட்டி அழுதால் அது திரும்பிப் பார்க்கவில்லை. இப்பரிசோதனைகள் இரக்கமற்றவை என்று பின்னாளில் கடுங்கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனமே என்பது நம் கருத்து. ஆராய்ச்சிக்கென ரீசஸ் குரங்குகளைப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு 1978-இல் அதனைத் தடை செய்தது.

பிணைப்பு வளரும் படிகள்

லண்டனில் மருத்துவராக இருந்த ஜான் பௌல்பி, உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி, வீடிழந்த குழந்தைகளின் மனநிலையை ஆராய்ந்து 1951-இல் ஓர் அறிக்கை அளித்தார். பின்னர் 1969 முதல் 1980 வரை மூன்று பெருநூல்களில் தம் கோட்பாட்டை விரித்துரைத்தார். அதன் சாரம் இதுவே: மனிதக் குழந்தை தானே ஓடவோ ஒளியவோ இயலாதது. காட்டு விலங்குகளிடையே மனிதர் வாழ்ந்த பழங்காலத்தில், காப்பவரை விட்டு அகலாத குழந்தையே பிழைத்தது. ஆகவே அழுகை, சிரிப்பு, பற்றிக்கொள்ளல், தவழ்ந்து பின்தொடர்தல் ஆகியவற்றை இயற்கை அதற்கு அளித்துள்ளது. காப்பவரை அருகில் வைத்துக்கொள்வதற்கு உதவுவன இவை. தாயைத் தேடி அழுவது பிடிவாதமும் அன்று, கெட்ட பழக்கமும் அன்று.

இப்பிணைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. பிறந்த சில நாள்களிலேயே சிசு தாயின் குரலை வேற்றுக்குரலினின்றும் பிரித்தறிகிறது என்பதை 1980-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன், 1975-இல், தாயின் மார்பில் வைத்திருந்த துணித் திண்டையும் வேறொருத்தியின் துணித் திண்டையும் சிசுவின் இருபுறமும் தொங்கவிட்டுப் பார்த்தனர். பிறந்து ஆறு நாளான சிசு தன் தாயின் வாசனையின் பக்கமே மிகுதியும் திரும்பியது. ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது தொடங்குகிறது. ஆறேழு மாதங்களில் இன்னார் வேண்டும் என்னும் நாட்டம் தெளிவாகத் தோன்றுகிறது. ஆகவே எட்டாம் மாதத்தில் அயலாரைக் கண்டு அழுவது குழந்தையின் குறையன்று; தனக்கு உரியவர் யார் என்பதை அது கற்றுக்கொண்டதன் அடையாளம்.

பிரசவத்திற்குப் பின் நோயுற்றுச் சில நாள்கள் குழந்தையைப் பிரிந்திருந்த தாய், பாசம் அமையும் வேளை தவறிவிட்டதோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. பல மாதங்களில் வளரும் பிணைப்பாதலால், முதல் சில நாள்களின் இழப்பை ஈடுசெய்யப் போதிய காலம் உண்டு.

உகாண்டாவின் சிற்றூர்களில்

குழந்தைகளைச் சோதனைக்கூடத்திற்கு அழைத்துவராமல் அவர்கள் வளரும் வீட்டிலேயே கண்டறிய முற்பட்டவர் மேரி ஐன்ஸ்வர்த் என்னும் பெண்மணி. அவர் 1954-இல் ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டிற்குச் சென்றார். கம்பாலா நகரை அடுத்த சிற்றூர்களில் வாழைதான் முக்கிய உணவு; தோட்டத்தைக் கொத்திப் பயிரிடுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. அங்கே கைக்குழந்தை உள்ள 26 குடும்பங்களைத் தெரிந்தெடுத்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், சில வீடுகளில் ஒன்பது மாதம் வரை, தாய்மாரோடு அமர்ந்து உரையாடிக் குழந்தைகளைக் கவனித்தார்.

சில குழந்தைகள் தாய் அருகிலிருந்தால் அழாமல் தவழ்ந்து சென்று, பொருள்களைத் தொட்டுப் பார்த்து, அவ்வப்போது தாயிடம் மீண்டன. வேறு சில, தாயின் மடியிலிருந்தபோதும் ஓயாமல் அழுதன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? குழந்தையின் குறிப்பை அறிந்து அதற்கேற்ப நடந்த தாய்மாரின் குழந்தைகளே மன உறுதியுடன் காணப்பட்டன. அத்தாய்மாரிடம் குழந்தையைப் பற்றி ஒன்று கேட்டால், கேளாதவற்றையும் சேர்த்து நுணுக்கமாக விவரித்தார்களாம்.

பின்னர் 1963 முதல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களில், குழந்தை பிறந்த சில வாரங்களிலிருந்து ஓராண்டு வரை, இதனினும் விரிவாக அவர் ஆராய்ந்தார். அவ்வாய்வினின்றும் 1972-இல் வெளியான ஒரு முடிவு நம் பாட்டிமார் கேட்கத் தக்கது. முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே செவிசாய்க்கப்பெற்ற குழந்தைகள், ஆண்டின் இறுதியில் அதிகம் அழவில்லை; குறைவாகவே அழுதன. அழுகைக்குப் பதிலாகச் சைகையாலும் குரலாலும் தம் தேவையைத் தெரிவிக்கக் கற்றுக்கொண்டன. தூக்கினால் கெட்டுவிடும் என்னும் அச்சத்திற்கு இவ்வாய்வு இடம் தரவில்லை.

ஒரு வயதுக் குழந்தையின் பிணைப்பை அறிய அவர் இருபது நிமிட அளவில் ஒரு சோதனையும் வகுத்தார். புதிய அறையில் பொம்மைகளோடு விளையாடும் குழந்தையைத் தாய் சிறிது நேரம் பிரிந்து சென்று மீள்வாள். பிரிவைவிட, தாய் மீளும்போது குழந்தை நடந்துகொள்ளும் விதமே கவனிக்கப்படும். உறுதியான பிணைப்புடைய குழந்தை அழுதிருந்தாலும், தாயிடம் சென்று ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாட்டிற்குத் திரும்பும். சில குழந்தைகள் தாயைப் பற்றிக்கொண்டே சினந்து அழுது ஆறுதல் அடையா. வேறு சில, தாய் வந்ததையே பாராட்டாமல் முகம் திருப்பிக்கொள்ளும். இம்மூன்றாம் வகையை நாம் "சாதுவான பிள்ளை" என்று பாராட்டிவிடக்கூடும். ஆனால் அத்தகைய குழந்தைகளின் நாடித்துடிப்பை அளந்து பார்த்தபோது, அழும் குழந்தையைப் போன்றே அவையும் உள்ளூரக் கலங்கியிருந்தது தெரியவந்தது.

மருத்துவமனையின் மூடிய கதவு

இவ்வறிவு ஏட்டளவில் நின்றுவிடாமல் நாட்டு நடைமுறையை மாற்றிய வரலாறு ஒன்றுண்டு. இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் அன்னா பிராய்டு அம்மையார் குழந்தைக் காப்பகம் நடத்தினார். அங்குக் கொதிகலனைக் கவனிக்கும் பணியில் இருந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். குழந்தைகளைப் பற்றித் தாம் கண்டவற்றை ஊழியர் அனைவரும் அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது அக்காப்பகத்தின் விதி. அவ்வாறு பார்க்கவும் எழுதவும் பழகிய அவர் பின்னர் பௌல்பியின் உடன் ஆய்வாளரானார்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் நோயுற்ற குழந்தையைப் பெற்றோர் வாரத்திற்கு ஒருமுறை பார்ப்பதே அரிது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது; வராதிருந்தால் சில நாளில் அடங்கிவிடுகிறது என்று தாதியர் காரணம் கூறினர். ராபர்ட்சன் அவ்வடக்கத்தை ஆராய்ந்தார். முதலில் குழந்தை வீறிட்டழுகிறது; அடுத்து நம்பிக்கை இழந்து சோர்கிறது; இறுதியில் எவரிடமும் மனம் ஒட்டாமல் விலகிவிடுகிறது. இம்மூன்றாம் நிலையையே தாதியர் நலமென்று கொண்டனர்.

1952-இல் அவர் ஒரு திரைப்படத்தை மருத்துவர்களுக்குக் காட்டினார். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படியே பதிவு செய்த படம் அது. கண்ட மருத்துவர் பலர் சினந்தனர். எனினும் 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசாங்கக் குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளோடு தாய் உடன் தங்கவும் வழி செய்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் தயங்கவே, 1961-இல் லண்டனில் தாய்மார் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, அப்பரிந்துரையை நிறைவேற்றுமாறு விடாது வற்புறுத்தினர். கதவுகள் மெல்ல மெல்லத் திறந்தன.

காப்பவரே இல்லாத குழந்தைகளின் நிலை இதனினும் கொடிது. ருமேனியாவில் 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபோது, அரசாங்க விடுதிகளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். அவர்களைக் கவனிப்போர் மிகச் சிலர். அவர்களும் முறைவைத்து மாறிக்கொண்டிருந்தனர். தலைநகர் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்க அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினர். பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அறிவு வளர்ச்சியிலும் பிணைப்பிலும் அவர்கள் தேறினர். இரண்டு வயதிற்குள் குடும்பத்தை அடைந்தவர்களே மிகுதியும் தேறினர்.

தாய் ஒருத்திதானா?

பௌல்பியின் அறிக்கையைக் கொண்டு, தாய் வீட்டைவிட்டு வேலைக்குச் செல்வதே தவறு என்று வாதிட்டோர் உண்டு. அவ்வாதம் ஆராய்ச்சியின் முன் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஷாஃபர், எமர்சன் என்னும் இருவர் 1964-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்றரை வயதளவில் அக்குழந்தைகளுள் பெரும்பாலானவற்றிற்குப் பாசத்திற்குரியோர் ஒருவர் அல்லர், பலர். தந்தையும் பாட்டனாரும் பாட்டியும் உடன்பிறந்தோரும் அவர்களுள் அடங்குவர். மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட குழந்தைகள், தமக்கு உணவூட்டிக் குளிப்பாட்டியவரைவிட மற்றொருவரிடமே மிகுந்த பிணைப்புக் கொண்டிருந்தன. எவர் அழைப்பிற்கு விடை தந்தாரோ, எவர் விளையாட்டில் கலந்துகொண்டாரோ, அவரையே அவை நாடின.

அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி 1,364 குழந்தைகளைப் பத்து இடங்களில் பின்தொடர்ந்த பேராய்வு ஒன்றும் இதனை உறுதிப்படுத்துகிறது. தாய் வேலைக்குச் சென்று பிறர் குழந்தையைக் கவனிப்பதால் மட்டும் பிணைப்புக் குலைவதில்லை என்று 1997-இல் அது தெரிவித்தது. வீட்டில் தாயின் பரிவும் குறைந்து, வெளியிலுள்ள கவனிப்பும் தரமற்றதாகவோ அடிக்கடி மாறுவதாகவோ இருக்கும்போதுதான் தீங்கு நேர்கிறது.

ஆகவே மாலையில் திரும்பிவரும் தாய், பாட்டியிடம் ஒட்டிக்கொண்ட குழந்தையைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. பாட்டியிடம் கொண்ட பாசம் தாயின் பங்கினின்றும் எடுத்துக்கொண்டது அன்று. ஒருவரிடம் நம்பிக்கை கொள்ளக் கற்ற குழந்தை மற்றொருவரிடமும் கொள்ள வல்லது.

நாம் செய்யத் தக்கவை

இவ்வாராய்ச்சிகளால் நம் இல்லங்களுக்குக் கிடைக்கும் பயன்களைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவதாக, கைகள் பலவாயினும் அவை மாறாத கைகளாக இருத்தல் வேண்டும். இன்று பாட்டி, நாளை அண்டை வீட்டார், மறுநாள் வேறொருவர் என மாற்றுதல் நன்றன்று.

இரண்டாவதாக, வேலைக்குப் புறப்படும்போது குழந்தையின் கண்ணை மறைத்து நழுவிச் செல்லும் வழக்கத்தை விடுதல் நலம். சொல்லிவிட்டுச் சென்றால் குழந்தை அழும். ஆனால் சென்றவர் திரும்பி வருவார் என்பதை நாளடைவில் கற்கும். சொல்லாமல் மறைந்தால், தாய் எந்நேரத்தில் மறைவாளோ என்று அருகிருக்கும்போதும் அஞ்சும்.

மூன்றாவதாக, தாயின் பழஞ்சேலையில் தூளி கட்டும் நம் வழக்கத்தைப் போற்றுதல் வேண்டும். பருத்தியின் மென்மையோடு தாயின் வாசனையும் அதில் உண்டு. கிழிந்த துணித்துண்டு ஒன்றை விடாது பற்றித் திரியும் குழந்தையை ஏளனம் செய்தலும் கூடாது. தாயில்லாத வேளையில் அவ்வாறு ஆறுதல் தேடிக்கொள்வது இயல்பான வளர்ச்சியே என்று இங்கிலாந்து மருத்துவர் வினிகாட் 1951-இலேயே எடுத்துரைத்தார்.

நான்காவதாக, உடனிருக்கும் நேரத்தில் உண்மையிலேயே உடனிருத்தல் வேண்டும். தாய் குழந்தையின் எதிரே அமர்ந்தும் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாதிருந்தால் நேர்வதை எட்வர்ட் டிரானிக் என்பவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. குழந்தை சிரித்தும் கை நீட்டியும் தாயை அழைத்துப் பார்க்கிறது. பயனின்றிப் போகவே முகம் திருப்பி வாடிவிடுகிறது. கைப்பேசியில் ஆழ்ந்த முகத்தோடு குழந்தையை மடியில் வைத்திருப்போர், தந்தையர் உட்பட, இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஐந்தாவதாக, எடை குறைந்து பிறந்த குழந்தையை மார்போடு மார்பாகத் துணியால் அணைத்துக் கட்டிக்கொள்ளும் முறையைத் தயங்காமல் மேற்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியதால் சிசு மரணம் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அவ்வாய்வில் பங்கு கொண்டது.

இறுதியாக, இது தாய் ஒருத்தியின் பொறுப்பு மட்டும் அன்று என்பதை ஆண்மக்களும் வேலையிடங்களை நடத்துவோரும் உணர்தல் வேண்டும். பெண்கள் பலர் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பிடம் அமைத்தல் வேண்டும் என்னும் விதி 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்கெனத் தில்லியில் 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் வேலைத்தலத்திலேயே காப்பகம் தொடங்கினார். பொதுத் தறிக்கூடமோ பண்டகசாலையோ கட்டும் இடங்களில், தொட்டில் கட்ட ஓர் அறையும், குழந்தைகள் அறிந்த முகமாக நிலைத்திருக்கும் ஒரு காப்பாளரும் வேண்டும். அக்காப்பாளரின் ஊதியத்தை வீண்செலவென்று குறைத்து, ஆளை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால், அறையும் தொட்டிலும் இருந்தும் பயனில்லை. புதிய கட்டடத்திற்குத் திட்டம் தீட்டுவோர் இச்செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக.